அப்பாவின் நம்பருக்கு வந்தது

அப்பாவின் பட்டன் செல்போனில் எண்களெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். பின்மூடி எப்போதோ கழன்று கடலில் விழுந்துவிட்டதால், பேட்டரி நழுவாமல் ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நம்பர்தான். கேஸ், ரேஷன், ஆதார், எல்லாம். கல்யாணமாகி நான் தருமபுரத்துக்கு வந்த பிறகும் என் வங்கிக் கணக்கில் இருந்தது அதுதான். "ஆளுக்கொரு நம்பர் குடுத்தா எது எங்க இருக்குன்னே தெரியாம போயிரும்மா" என்பார். கிளிஞ்சல்மேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக் அவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தார்.

என் மகன் பள்ளியில் சேர்ந்த வருடம் நான் ஒரு தனியார் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குப் போனேன். பிரசவ விடுப்பில் போன ஒரு பெண் திரும்பி வரும்வரை அவருடைய நாற்காலி எனக்கு. முதல் சம்பளத்திலேயே வருமான வரி பிடித்திருந்தார்கள். நான் வாங்கிய சம்பளத்துக்கு வரியே கிடையாது. கணக்குப் பிரிவு மேடத்திடம் போய்க் கேட்டேன். "டெம்பரரின்னா கான்ட்ராக்ட் கணக்குலதான் காட்டுவோம், பிடிச்சுத்தான் ஆகணும். வருசக் கடைசில ரிட்டர்ன் போடுங்க, தானா திரும்பி வந்துடும்ங்க" என்றார். தானாம். அந்த ஒரு சொல்லை நம்பிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வேலை முடிந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டேன். கடைசியில் அது நான்தான் என்று உறுதி செய்ய ஆதாருக்கு ஓடிபி அனுப்பினார்கள். அது கிளிஞ்சல்மேட்டுக்குப் போனது. அப்பாவைக் கூப்பிட்டேன். "மூணு, எட்டு… இரு, அது ஆறு" என்று இழுத்தார். போட்டால் தவறு என்றது. இன்னொன்று வரவழைத்தேன், அதுவும் தவறு. அடுத்ததை அவர் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஆறு எண்ணைப் படிக்க இவ்வளவு அலட்சியமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே கிளம்பினேன்.

ஒரு ஃபைபர் போட்டின் பக்கத்தில் குனிந்திருந்தார். கீழே விழுந்த நட்டு அவர் கால் கட்டைவிரலை ஒட்டியே கிடந்தது. அதை மணலில் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். நான் வந்து நின்றதும் "யாரு?" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். அவர் எனக்குச் சொன்ன எண்களில் பாதி அதில் இல்லவே இல்லை.

"எத்தன நாளாப்பா இப்படி?"

"டீசல் புகைம்மா. கண்ணக் கழுவுனா சரியாப் போயிரும்."

அந்தப் போனை வாங்கிப்போய் ரிட்டர்னை முடித்துவிட்டு, அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் புகை என்று சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே பணத்தை எடுத்து வைத்தார். அப்பா தொடவில்லை. மருமகன் காசில் ஒரு டீ குடித்தாலும் மறுநாள் பேரனுக்கு ஏதாவது வாங்கிவந்து கணக்கை நேர்செய்கிற மனிதர். இலவச முகாமுக்கும் வரமாட்டேன் என்றார். "மாப்ள காசு வேணாம். கவர்மென்ட்டு உனக்குத் தரணும்ல, அது நீ உழைச்சது. அது வரட்டும், செஞ்சுக்குறேன்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அதிலேயே நின்றார்.

அன்றிலிருந்து அந்த ரீஃபண்ட் என் பணமாக இல்லை, அப்பாவின் கண்ணாகிவிட்டது. தினமும் இணையதளத்தைத் திறப்பேன். பரிசீலனையில் இருக்கிறது என்று வரும். உதவி எண்ணுக்கு அழைத்தால் பாட்டுப் போட்டுவிட்டு லைனைத் துண்டிப்பார்கள். என்னிடம் பிடிக்கும்போது ஒரு மாதம்கூடத் தவறாதவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு மட்டும் என்ன யோசனை என்று வயிறு எரியும். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய்ப் பார்ப்பதையே விட்டேன். மெசேஜ் வந்தால் பக்கத்தில் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருந்தேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அப்பாவைக் கேட்பதோடு சரி. "பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்துச்சாப்பா?"

"வரலம்மா. வந்தா சொல்லமாட்டேனா? கம்பெனிக்காரன் ஆஃபருதான் வருது."

மகனின் உதவித்தொகைக்காகப் பாஸ்புக்கில் வரவு பதிக்கப் போனபோதுதான் பார்த்தேன். பணம் வந்து மாதக்கணக்காகியிருந்தது. வங்கியிலிருந்து நேராக அப்பாவிடம் போய், ரப்பர் பேண்ட் போட்ட அந்த போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆஃபர்களுக்கு நடுவில் அந்த மெசேஜ் இருந்தது. வருமான வரி ரீஃபண்ட், வரவு வைக்கப்பட்டது.

"ஏம்ப்பா, இதப் படிக்கலயா?"

"படிச்சேனே. ஆஃபருன்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார். ஒரு கணம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு, "படிக்கல. தெரியல" என்றார்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம். சில மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். எந்தச் சில மாதம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது அப்பா எங்களோடு தருமபுரத்தில் இருக்கிறார். எனக்கு நிரந்தர வேலை, கையில் பெரிய போன். நம்பரை மட்டும் மாற்றவில்லை. மாற்றப்போகிறேன் என்று ஒருமுறை சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த வருட ரிட்டர்ன் போடும்போதும் ஓடிபி அவருக்குத்தான் வந்தது. ரப்பர் பேண்ட் போட்ட போனை முகத்துக்கு வலதுபக்கமாகக் கொண்டுபோய், ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தார். ஒன்றுகூடத் தவறில்லை.

"சரியாம்மா?" என்றார்.

சரிதான்ப்பா என்றேன். அவருடைய இடதுபக்கம்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் குரல் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.