பிரித்துச் சொன்ன போர்க்ஹில்ட்

நார்வேயில் எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் ஓடும் படகில் அறிவிப்புச் செய்பவள் போர்க்ஹில்ட். உச்சரிப்பு என்றால் அவளுக்கு உயிர். நீளமான கூட்டுச்சொல் சிக்கினால் அசை அசையாக வெட்டி, நடுவில் மூச்சு வாங்கித்தான் பரிமாறுவாள்.

‘ரோய்க்ஃப்ரிட்’ என்று சேர்த்துச் சொன்னால் புகைபிடிக்கக் கூடாத இடம். அன்று மைக்கில் அவள், “ரோய்க்... ஃப்ரிட்!” என்று நிறுத்தி முழங்கினாள். பிரித்தால் ‘தாராளமாகப் புகையுங்கள்’ என்று பொருள். சற்று நேரத்தில் பயணிகள் அறையே புகையில் மறைந்தது.

கேப்டன் இருமிக்கொண்டே ஓடிவந்தார். “யாருய்யா பத்தவச்சது?”

மீனவர் சிக்பியோர்ன் வாயிலிருந்து பைப்பை எடுக்கவே இல்லை. “மைக்குல சொன்னா, செஞ்சோம். சொன்ன பேச்சு கேக்குற ஆளுங்க நாங்க.”

“சேத்துச் சொல்லித் தொலையேன், போர்க்ஹில்ட்!”

“சேத்துச் சொன்னா தெளிவா இருக்காதே,” என்றாள் அவள் நொந்துபோய்.

மறுநாள் முதல் கேப்டனே அறிவித்தார். உடனே சிக்பியோர்ன், பைப் பிடிக்கும் கிழவர்களை எல்லாம் திரட்டிக்கொண்டு முறையிட வந்தார். கேப்டன் பேசுவது ஒரு எழுத்தும் விளங்கவில்லையாம், போர்க்ஹில்டே வேண்டுமாம்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல உச்சரிப்பை மதிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்களே!