துஷாந்தனின் ஈரப்பெட்டி

துஷாந்தனைத் தெரியாதவர் வெள்ளாங்குளத்தில் இல்லை. உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலில் மூன்று தடவையும் கோட்டை விட்டவன். பிறகு கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து, வஸீர் முதலாளியின் நெல் களஞ்சியத்தில் ஈரம் அளக்கும் பெட்டியோடு உட்கார்ந்தான். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுத் தன் கதிரைக்கு மேலே மாட்டியும் விட்டான். இரண்டு நாளுக்கே இந்த எடுப்பு.

பெட்டிக்குள் ஒரு கைப்பிடி நெல்லைக் கொட்டினால், அது வானொலி அலையைச் செலுத்தி, நெல்லின் ஈரத்தை எண்ணாகக் காட்டும். பதினாலைத் தாண்டினால் மூட்டைகள் வீட்டுக்குத் திரும்பும். மணியைக் கடித்துப் பார்ப்பது நாகரிகமில்லை என்பது இவனுடைய கட்சி.

வயல்காரி பரமேஸ்வரியின் நெல்லுக்குப் பெட்டி பதினேழு காட்டியது. பாவம், திருப்பிக் கொண்டுபோய் இரண்டு நாள் காய வைத்து மறுபடி கொண்டுவந்தாள். பத்தொன்பது. மறுநாளோடு கொள்வனவு முடிகிறது, மேற்கே மழையும் இருட்டுகிறது. நனைந்தால் அந்த வருட விளைச்சல் முழுக்க முளைத்துவிடும்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். வெயிலில் காயக் காய ஈரம் ஏறுமா? இது கூடவா இவனுக்கு உறைக்கவில்லை?

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கும் அவளுடைய மகள் வேணுஜாதான் கண்டுபிடித்தாள். நெல்லைப் பரப்பிக் காய வைத்த படங்கு விரிப்பு, தாராபுரத்துக் கருவாட்டு வியாபாரியிடம் இரவல் வாங்கியது.

"படங்கு முழுக்க உப்பு, அண்ணா. உப்பு ஒட்டின நெல்லில மின்சாரம் ஓடும். பெட்டி அதையும் ஈரம் எண்டு கணக்கெடுக்குது."

"பெட்டி பொய் சொல்லாது, தங்கச்சி."

வேணுஜா மூட்டை அடுக்கின் பக்கம் போனாள். அவன் முதல் நாள் 'பதின்மூன்று' என்று ஏற்று அடுக்கிய மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, தங்கள் மூட்டைகளை மூடிக் கொண்டுவந்த அந்தப் படங்கில் நன்றாகத் தேய்த்து, பெட்டியில் கொட்டினாள். பதினெட்டு!

இனி வெட்கப்படுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ எழுந்து நின்று கூலியாட்களைப் பார்த்துக் கத்தினான்.

"களஞ்சியத்து நெல்லுக்கு ஈரம் ஏறிட்டுது! எல்லா மூட்டையையும் முத்தத்தில இறக்குங்கோ!"

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். முற்றத்து மூட்டைகளைப் பார்த்தார், கறுத்த வானத்தைப் பார்த்தார். வேணுஜா விஷயத்தைச் சொன்னதும், பரமேஸ்வரியின் மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார். 'டக்' என்று உடைந்தது.

"நல்லாக் காய்ஞ்சிருக்கு. அக்காட நெல்லை உள்ள ஏத்துங்கோ. முத்தத்தில கிடக்கிறதையும் கெதியா ஏத்துங்கோ!"

முதல் துளி விழுந்தபோது முதலாளியே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கியிருந்தார். துஷாந்தன் கதிரையில் இருந்தபடி பெட்டிக்குப் புதுப் பற்றரி போட்டுக்கொண்டிருந்தான்.