சிவப்பாக ஓடிய நொய்யல்

இன்றைக்கு ஃப்ரேம் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

தொண்ணூறுகளில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குத் தினமும் நொய்யல் பாலத்தைத் தாண்டித்தான் போவேன். அன்றன்றைக்கு ஆறு எப்படி இருந்ததோ அதைக் கரைத் தென்னைமரங்களோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியில், உள்ளங்கை அகலத்துக்குப் பூத்தையலாகப் போட்டுவைப்பேன். நூலுக்கு அலைந்ததே இல்லை. எந்த நிறத்தில் ஆர்டர் ஓடுகிறதோ அந்தச் சாயம்தான் ஆற்றிலும் ஓடும். அதே நிற நூல் டைலர்களின் நூல் கோனில் மிச்சம் இருக்கும்.

அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றாக இணைத்து இன்று கடைக்கு எடுத்துப்போனேன்.

கடைக்காரர் விரித்துப் பார்த்தார். "ஏனுங்க அக்கா, இந்தத் துண்டுல ஆறு செவப்பா இருக்குதுங்க. நீல நூல் தீந்து போச்சுங்களா?"

"இல்லீங்க. அன்னைக்கு அப்படித்தான் ஓடுச்சு."

பேரன் படத்துக்கு ஃப்ரேம் போட வந்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். முன்பு சாயப்பட்டறை வைத்திருந்தவராம்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்கம்மா. ஊரு பேரு கெட்டுப்போயிருமுங்க. அந்தச் செவப்ப உள்ள மடிச்சுட்டு, தென்னமரம் இருக்கறத மட்டும் மாட்டுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சாயத் தண்ணிய ஆத்துல உட்டப்ப ஊரு பேரு ஞாபகம் வரலீங்களா?"

அவர் பேரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைக்காரரிடம், "ஒரு இஞ்ச்கூட மடிக்க வேண்டாமுங்க. பெரிய ஃப்ரேமாவே போடுங்க" என்றேன்.

ஃப்ரேம் அடுத்த வாரம்தான் கிடைக்கும். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணியை இன்றே அடித்துவிட்டேன்.

உங்கள் ஊர் ஆறு அப்போது என்ன நிறம்? நீலம் என்று மட்டும் கமெண்ட் போடாதீர்கள்.