பாஸ்போர்ட் போட்டோ, வாங்கிப் போகவில்லை

அந்த வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை இருக்கிறது. கடை என்று சொல்வதே அதற்குக் காட்டும் மரியாதைதான். ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆள் வந்தால் படியில் உட்கார வேண்டியதுதான். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்டுக் கொடுப்பது அங்கே வேலை. அதைச் செய்கிறவளை எல்லோரும் நகலக்கா என்பார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. மின்கட்டண ரசீது வந்தால் அவளுக்கு மூன்று நகல் வேண்டும். வீட்டுச் சாவி மூன்று. எதிர் வரிசையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியவர், "சாமான் பட்டியலையே ரெண்டு சீட்டுல எழுதி, ஒண்ணைச் செருப்புக்குள்ள வச்சுக்கிட்டுப் போற ஆளு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் அவளிடம் இன்னொரு குணம் உண்டு, அதைக் கேலி செய்ய ஸ்டுடியோக்காரருக்கே துணிச்சல் வராது. அவள் எதையும் மறக்கமாட்டாள். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் அவள் மனசில் பத்திரமாக இருக்கும்.

முன்பு அவள் இருந்தது பெரிய சாலையில், அப்பா வைத்த கம்ப்யூட்டர் கடையில். அப்பா போன பிறகு கல்லாவில் அண்ணன் உட்கார்ந்தான். பின்னால் இருந்த வேலை மேசை அவளுக்கு. கணினிகளைக் கணக்குப் போட விட்டால் அதற்குக் கூலியாகக் கிரிப்டோ என்று ஒரு டிஜிட்டல் காசு கிடைக்கும் என்று எங்கேயோ படித்தாள். தன் சம்பளத்தில் நாலு பழைய மெஷின் வாங்கி, கூடுதல் மின்சாரத்துக்கும் தானே கொடுத்து, மூலையில் ஓடவிட்டாள். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பொம்மைக் காசு சேர்க்கிறா" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னான்.

அந்தக் காசைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு சாவி உண்டு. சாவி என்பது வாலட் ஃபைல் என்கிற ஒரே ஒரு சின்னக் கோப்பு, அதற்கு ஒரு பாஸ்வேர்ட். இரண்டும் யாரிடம் இருக்கிறதோ காசு அவருடையது. கோப்பு தொலைந்தால், காசு அங்கேயே இருப்பதை இணையத்தில் உலகமே பார்க்கலாம், ஒருவரும் தொட முடியாது. நகலக்காவுக்கு இதைவிடப் பொருத்தமான சொத்து வேறென்ன வேண்டும்? மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் மூன்று நகல் எடுத்தாள். ஒன்று கடை இழுப்பறையில், ஒன்று வீட்டு அலமாரியில், மூன்றாவது வெளியே. தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் இரண்டு இடமும் சேர்ந்து போகலாம் இல்லையா? அதற்காக மூன்றாவதை ஒரு சிடியில் எழுதி, அப்போதே பழக்கமாயிருந்த ஸ்டுடியோக்காரரின் பழைய சிடி ரேக்கில் சொருகி வைத்தாள். மேலே ஒரு சீட்டு ஒட்டினாள்: பாஸ்போர்ட் போட்டோ, வாங்கிப் போகவில்லை. ஒரு ஸ்டுடியோவில் யாரும் சீந்தாத பொருள் அதுதான்.

வருஷங்கள் போனதும் பொம்மைக் காசின் விலை ஏறியது. கூடவே அண்ணனின் பாசமும் ஏறியது. "நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்ன பண்றது? பாஸ்வேர்ட் எனக்கும் தெரிஞ்சிருக்கட்டும் பாப்பா" என்றான். சொன்னாள். மூன்று நகல் எடுக்கத் தெரிந்தவளுக்கு அண்ணனைச் சந்தேகப்படத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும்.

ஒரு புதன்கிழமை காலையில் கடைக்குப் போனால் வாலட் இருந்த மெஷினைக் காணோம். இழுப்பறையிலும் அலமாரியிலும் இருந்த சிடிகள் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் குப்பைக்கூடையில் கிடந்தன. கேட்டதற்கு அண்ணன் குரலை உயர்த்தினான். கடையில் வேலை செய்த நாலு பேர், அண்ணி, அம்மா எல்லோரும் நிற்க, "கடைச் சொத்தைத் திருடிட்டுப் போகப் பார்த்தா, பிடிச்சுட்டேன்" என்றான். அந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று சமையலறையில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நாள் போனில் சொன்னாள். அம்மா தண்ணீர் வருகிறது என்று போனை வைத்தாள். கண் ஆபரேஷன் அன்று, கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அவன் ஆம்பளை, ஊரோட பழகறவன், பொய் சொல்வானா? விட்டுத் தள்ளு" என்று அம்மா கையை உருவிக்கொண்டாள்.

அவள் அந்தக் கடையை விட்டு வெளியேறி இந்தப் படிக்கட்டடிக்கு வந்த வாரமே அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'பாஸ்வேர்டை மாத்தியாச்சு. இனி நீ தலைகீழா நின்னாலும் திறக்க முடியாது.' அதைப் படித்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்லாவைத் தவிர எதையும் தொட்டறியாத ஒருவன்தான் அப்படி எழுத முடியும். அவன் மாற்றியது அவனிடம் இருக்கும் கோப்பின் பாஸ்வேர்டை. ஸ்டுடியோ ரேக்கில் இருக்கும் பழைய நகலுக்கு அதே பழைய பாஸ்வேர்ட்தான். தன் வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டு, அதே பெட்டகத்துக்கு இன்னொரு வாசல் இருப்பதை அவன் அறியவில்லை.

நினைத்திருந்தால் அன்றைக்கே ஐந்து நிமிஷத்தில் அத்தனையையும் எடுத்திருப்பாள். எடுக்கவில்லை. எடுத்தால் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திருடின்னு அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா" என்பான். அம்மா தலையாட்டுவாள். காசு வரும், அந்தச் சொல் சாகும் வரை அவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்குக் காசும் வேண்டும், அவன் வாயால் அந்தச் சொல்லை அவனே திரும்ப விழுங்கவும் வேண்டும். அதுவும் அம்மா முன்னால்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. அவன் எந்த நிமிஷம் விற்றாலும் அவள் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் வட்டம். முதல் திங்கட்கிழமை வந்தால் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சிடியை எடுப்பாள். படிக்கிறதா என்று பார்த்து, புதிதாக ஒன்று எழுதி, பழையதை உடைப்பாள். பிறகு இணையத்தைத் திறந்து காசு அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். விலை இன்னும் ஏறட்டும் என்று அவன் காத்திருந்தான். பேராசை அவனைக் கட்டிப்போட்டிருந்தது, வன்மம் இவளைக் கட்டிப்போட்டிருந்தது. இப்படியே மூன்று வருஷம்.

"இந்த பாஸ்போர்ட் போட்டோக்காரங்க எப்பத்தாம்மா வருவாங்க?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்பார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"வருவாங்க சார். ஒரே ஒரு பிரதி வச்சிருக்கறவங்க கண்டிப்பா என்கிட்ட வருவாங்க."

வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அண்ணன் படிக்கட்டடியில் குனிந்து உள்ளே வந்தான். கையில் துண்டால் சுற்றிய பொட்டலம். சிபாரிசுக்கு அம்மாவை அழைத்து வந்திருந்தான். இரண்டு நாற்காலியும் நிரம்பிவிட்டன, நகலக்கா நின்றுகொண்டாள்.

"டக் டக்குன்னு சத்தம் வருது. ரெண்டு கடையில காட்டினேன். ரெண்டு பேரும் உன்கிட்டதான் போகச் சொன்னாங்க" என்றான் அண்ணன்.

"எங்க வச்சிருந்த?"

"பாத்ரூம் பரண்ல. ஹீட்டருக்கு மேல. அங்க யாரும் தேடமாட்டாங்கன்னு..."

மூன்று வருஷம் ஆவியும் சூடும் வாங்கிய டிஸ்க். வேறு வேறு ஊரிலிருந்து வந்த எத்தனையோ முட்டாள்தனத்தை அந்த மேசையில் பார்த்தவள் அவள். இதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. முகத்தில் காட்டாமல், வேலைக்கு வரும் பொருளின் விவரம் எழுதும் ஒரு ஜாப் கார்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். திருட்டு டிஸ்க் ஒன்று வந்து போலீஸ் வரை போனதிலிருந்து, யார் வந்தாலும் கார்டு எழுதாமல் அவள் திருப்புளியைத் தொடுவதில்லை. சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

தகவல் யாருடையது என்ற இடத்தில் அண்ணன் 'என்னுடையது' என்று எழுதினான். உருவாக்கியவர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"எந்த வருஷம் ஆரம்பிச்சது? எந்த மெஷின்ல? எழுது."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் கார்டு கேக்குது. தப்பா எழுதினா டிஸ்க்கைத் தொடமாட்டேன். எல்லாருக்கும் இதேதான்."

"என்னடா அது, எழுதிக் குடுத்துத் தொலையேன். நாளைக்கு வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் தரணும்னியே" என்றாள் அம்மா. புது வீடு வாங்குகிற யோசனை போலிருக்கிறது. நகலக்கா அதையும் மனசில் எழுதிக்கொண்டாள்.

அவன் எழுதியதை அடித்தான். திரும்ப எழுதினான். கையெழுத்துப் போட்டுக் கார்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் தொடவில்லை.

"சத்தமாப் படி. அம்மா கண்ணாடி எடுத்துட்டு வரல."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. ஆனால் துண்டுக்குள் இருந்தது அவனுடைய வீடு. படித்தான். "உருவாக்கியவர், தங்கை. மெஷின், தங்கை சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. தகவல் யாருடையது..." அம்மா பக்கம் பார்க்காமல் முடித்தான். "தங்கையுடையது."

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப அவ திருடினான்னு சொன்னியே?"

அவன் பேனாவுக்கு மூடி போட்டான். நகலக்கா கார்டை மூன்று படம் எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

வேலையில் அவள் ஏமாற்றவில்லை. தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த தட்டின்மேல் வட்டமாக ஒரு கீறல், அடிவரை உரிந்திருந்தது. தன் கை வித்தை அத்தனையும் முக்கால் மணி நேரம் காட்டினாள். பிறகு விளக்கைத் திருப்பி அவனைப் பார்க்கச் சொன்னாள்.

"இது போச்சு. யாராலயும் முடியாது. வேற நகல் இல்லையா?"

"இல்ல. ஒண்ணு இருந்தாத்தான் பத்திரம்னு..." மேசைமேல் கவிழ்ந்து அழுதான். நாற்பத்தாறு வயது ஆள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். அவள் அழவிட்டாள். மூன்று வருஷத்துக்கு அது ஒன்றும் அதிகமில்லை. ஓய்ந்ததும் போனை எடுத்தாள்.

"சார், பாஸ்போர்ட் போட்டோக்காரங்க வந்துட்டாங்க."

ஸ்டுடியோக்காரர் சிடியோடு வந்து, இடமில்லாமல் படியில் உட்கார்ந்தார். அதற்காகவே காத்திருந்தவர்போலச் சௌகரியமாக உட்கார்ந்தார். நகலக்கா சிடியைப் போட்டுக் கோப்பைத் திறந்தாள்.

"என்ன அது?" என்றான் அண்ணன். பிறகு புரிந்து எழுந்தான். "அது திறக்காது. நான் பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

"உன்கிட்ட இருந்ததுல மாத்தின."

பழைய பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக, அவன் பார்க்கும்படி அடித்தாள். திரையில் அத்தனையும் வந்து நின்றது. அவன் முகத்தைப் பார்க்கத்தான் அவள் மூன்று வருஷம் பொறுத்திருந்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு காசு முழுவதையும் புதிதாக ஒரு வாலட்டுக்கு அனுப்பினாள். அவன் பக்கம் கார்டைத் திருப்பினாள்.

"தகவல் யாருதுன்னு நீதான் எழுதியிருக்க. எடுத்துக்கிட்டேன்." செத்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "இது உன்னது."

ஸ்டுடியோக்காரர் காலை மடக்கி வழிவிட்டார். அண்ணன் அம்மாவைக்கூடக் கூப்பிடாமல் போய்விட்டான்.

அம்மா நாற்காலியிலேயே இருந்தாள். "இவ்வளவு நடந்திருக்கு. நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

நகலக்கா புதுக் கோப்பை முதல் சிடியில் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு எழுத வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை.

"சொன்னேன்மா. மூணு தடவை சொன்னேன். சமையல்கட்டுல ஒண்ணு, போன்ல ஒண்ணு, ஆஸ்பத்திரியில உன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு. நீ ஒண்ணைக்கூட வச்சுக்கல."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நகலக்கா வெளியே வந்த சிடியை எடுத்து, ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தாள்.

"அதே இடத்துல வச்சிடுங்க சார்" என்றாள். "அப்படியே போற வழியில அம்மாவுக்கு ஒரு ஆட்டோ பிடிச்சு விட்டுடுங்க."