என் மனைவி சுக்கான் பிடித்த நாள்

கொரோனா ஓய்ந்து எல்லைகள் திறந்த காலம் அது. மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு படகுப் பட்டறையில் நானும் மனைவியும் வேலை செய்துகொண்டிருந்தோம். நான் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசுவேன். அவள் உள்ளே கழுவித் துடைப்பாள்.

என் ஊர் இலங்கையின் வடக்கே பூநகரி. போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. களப்பில் பாய்த்தோணி ஓட்டி மீன் பிடித்தேன், கல் உடைத்தேன், கட்டாரில் கொத்தனாருக்குக் கையாளாக நின்றேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. மனைவி முரசுமோட்டை வயல்காரி. இரணைமடு வாய்க்காலில் நீந்தும் அளவுக்குத்தான் அவளுக்குத் தண்ணீரைத் தெரியும்.

பட்டறைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஊருக்குப் பறக்க வேண்டியிருந்தது. தன் பாய்ப்படகைக் கரையோரமாகவே ஓட்டித் தாய்லாந்தில் சேர்த்துவிடும்படி எங்களைக் கேட்டார். பாய் கட்டி ஓடிய பழக்கம் எனக்கு இருந்ததால் சம்மதித்தேன். அந்தப் படகுதான் அவருடைய வீடு. மனைவி இறந்தபின் அதிலேயே வாழ்ந்தவர்.

முதல் நாள் மனைவிக்குச் சுக்கான் பிடிக்கப் பழக்கினேன். சுக்கான் தடியை வலப்பக்கம் இழுத்தால் படகு இடப்பக்கம் திரும்பும். புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். அவள் தடுமாறவில்லை.

"குளக்கட்டால இறங்கேக்க லான்ட்மாஸ்டரும் இப்பிடித்தானே, மாறித்தானே கிளச் பிடிக்கிறது" என்றாள்.

லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி நெல் மூட்டை ஏற்றி ஓட்டியவள் அவள். இறக்கத்தில் அதை வலப்பக்கம் திருப்ப இடப்பக்கக் கிளச்சைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் துறைக்குள் போகும்போது நான்தான் சுக்கான் பிடித்தேன். அவள் முன்னால் கயிற்றோடு நிற்பாள்.

தாய்லாந்துப் பக்கம் ஒரு மரீனாவுக்குள் நுழைந்தோம். மரீனா என்றால் பாய்ப்படகுகளை மாட்டுக் கொட்டிலில் கட்டுவதுபோல வரிசையாகக் கட்டி வைக்கும் துறை. ஒவ்வொன்றும் ஒரு மாடிவீட்டு விலை. வாசலைத் தாண்டியதும் எங்கள் இஞ்சின் இருமி நின்றது. பின்காற்று எங்களை நேரே அந்த வரிசையை நோக்கித் தள்ளியது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் இடி தாங்கும் ரப்பர் பந்துகளைத் தூக்கிக்கொண்டு தங்கள் படகுகளின் ஓரத்துக்கு ஓடி வந்தார்கள்.

சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு இஞ்சின் மூடியைத் திறந்தேன். திரும்பத் திரும்ப முடுக்கியும் அது கிளம்பவில்லை. மோதினால் கிழவரின் வீடு போய்விடும். எங்களை நம்பி இனி எவரும் ஒரு தோணிகூடத் தர மாட்டார்கள்.

"இஞ்சேருங்கோ, இஞ்சினை விடுங்கோ. கயித்தோட முன்னுக்குப் போங்கோ."

"அங்கால இடம் காணாது, இடிக்கப் போறாய்."

"போங்கோ எண்டுறன்."

போனேன். அவள் கடைசி நேரம்வரை நேரே விட்டாள். நான் கண்ணை மூடிக்கொள்ள இருந்த சமயம் சுக்கானை முழுவதும் ஒடித்தாள். படகு வட்டமடித்துக் காற்றுக்கு எதிரே முகத்தைத் திருப்பியது. வேகம் குறைந்து, இறங்குதுறையின் நுனியருகே வந்து அப்படியே நின்றது. எட்டிக் கயிற்றை எறிந்தேன். கரையில் நின்றவர் பிடித்துக் கட்டினார். எந்தப் படகிலும் ஒரு கீறல்கூட இல்லை.

துறைக்காரர் படகில் ஏறி, "கப்டன்" என்று என் கையைக் குலுக்க வந்தார். நான் பின்னால் இருந்தவளைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அக்கம்பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அவள் எழும்பவே இல்லை. "என்ர விரலை ஒருக்காக் கழட்டி விடுங்கோ. விறைச்சுப் போச்சு" என்றாள். சுக்கான் தடியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

"உனக்கு ஆர் இதைச் சொல்லித் தந்தது?"

"பிரேக் இல்லாட்டி ஏத்தத்தில திருப்பித்தானே லான்ட்மாஸ்டர்ப் பெட்டியை நிப்பாட்டுறனாங்கள். இஞ்ச ஏத்தம் காத்துத்தான்."

அதன்பின் வந்த துறைகளிலெல்லாம் சுக்கான் அவளிடம், கயிறு என்னிடம். கிழவர் சுகமாகித் திரும்பி வந்து தன் வீட்டை எங்களிடமிருந்து முழுசாக வாங்கிக்கொண்டார்.

இப்போது நாங்கள் முரசுமோட்டையில் வயல் செய்கிறோம். கிளிநொச்சிச் சந்தையில் தெரிந்தவர்கள், "வெளிநாட்டில என்ன வேலை செய்தனீ?" என்று கேட்பார்கள். "மனுசி ஓட்டின கப்பலில கயிறு எறிஞ்சனான்" என்பேன். பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். எத்தனையோ வேலைகள் பார்த்து, ஒன்றிலும் நிலைக்காத எனக்கு, நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள இருக்கிற ஒரே உத்தியோகம் அதுதான்.