ஒரு பக்கமாகவே போன நடை

என் வேலையைச் சொன்னால் ஆளாளுக்குச் சிரிப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து எங்கோ ஓர் ஊரின் சாலை வீடியோவைப் பார்க்க வேண்டும். அதில் போகிற வண்டியோ ஆளோ எப்படி அசைகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் போட வேண்டும். சம்பளம் அதற்குத்தான்.

சேர்ந்த புதிதில் மண்டை காய்ந்தது. கால் போகிற வழி மாறாமல் உடம்பு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடினால் ஸ்வே. சைக்கிள் பழகுகிறவனின் ஹேண்டில் உதறுகிறதே, அது வாபிள். வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனால் வீவ். நாய் குறுக்கே வந்ததும் வண்டியைச் சட்டென்று ஒடித்தால் ஸ்வெர்வ். நேராகப் போவதாகவே ஆள் நினைத்துக்கொண்டிருப்பான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் ஒதுங்கிப் போவான், அது வீர். தமிழிலும் நெளிவு, ஒடிப்பு, சாய்வு எல்லாம் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் தெருவில் ஒரு மனுஷன் கால் தடுமாறினால் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? குடித்திருக்கிறான், அவ்வளவுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா விடியலிலேயே மாங்காடு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பால் வாங்கப் போன அப்பா திரும்பி வருவதை மாடியிலிருந்து பார்த்தேன். தெரு நடுவில் வந்தவர் இடது பக்கச் சுவரை உரசினார். நடுவுக்கு வந்தார். மறுபடியும் அதே சுவர். பால் பாக்கெட் நழுவி விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா பெர்சு, காலீலயே ஏத்திக்கினியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்போது குடிப்பார், குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். ரிட்டயர் ஆனதோடு விட்டுவிட்டார். குடித்ததை ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது, விட்டதை ஒருத்தரும் வைத்திருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே கீழே ஓடினேன். அப்பா வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "தலை சுத்துதும்மா" என்றார். நாக்கு குழறியது. தெருவில் வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

ஆட்டோக்காரர் அவரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "சரக்கு வாந்தின்னா வண்டி நாறிப்பூடும்க்கா. வேற ஆட்டோ பாரு."

"குடிக்கலண்ணே, சத்தியமா குடிக்கல. உங்க கால்ல விழறேன்." நிஜமாகவே குனிந்துவிட்டேன்.

"ஐயய்ய, இன்னாக்கா நீ, கால்ல எல்லாம் உழுந்துகினு. ஏறு, ஏறு."

பூந்தமல்லி சாலையில் மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்து, நேர் வழியை நெளிய விட்டிருந்தார்கள். ஆட்டோ வளைந்து வளைந்து ஊர்ந்தது. அப்பா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், பக்கவாதமா என்று பார்க்க, அப்பாவின் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். தூக்கினார். முகமும் கோணவில்லை.

"குடிப்பழக்கம் உண்டா?"

"முன்னாடி இருந்தது சார். இப்ப சுத்தமா இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. டிரிப்ஸ் போடுறோம், தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடிச்சவங்க ரெண்டு பக்கமும் ஆடுவாங்க சார். இது ஸ்வே இல்ல, வீர். இடது பக்கம் மட்டும்தான் போறாரு. நாள் முழுக்க இதைத்தான் நான் பார்க்கறேன்."

"நெட்ல படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்கம்மா" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

டாக்டர் போய்விட்டால் அவ்வளவுதான், அப்பாவைத் தூங்கவைத்தே கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியது. கட்டிலிலிருந்து அவரை எழுப்பி நிறுத்தினேன். நர்ஸ் கத்தினார். நான் கேட்கவில்லை.

"அப்பா, அந்தக் கதவு வரைக்கும் நேரா நட. டாக்டர் பார்க்கட்டும்."

நடந்தார். இடது பக்கம் போய்க் கட்டில் கம்பியில் இடித்தார். காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். "இன்னொரு தடவைப்பா" என்று கெஞ்சினேன். மறுபடியும் நடந்தார், மறுபடியும் இடது பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"குடிக்கலம்மா. உன் மேல சத்தியம். வேணும்னா ஊதிக் காட்டவா?"

போலீஸ்காரரிடம் காட்டுவதுபோல என் முன்னால் வாயைத் திறந்து ஊதினார்.

"ஐயோ, அதுக்கில்லப்பா" என்பதற்குள் டாக்டர் என்னைத் தள்ளிவிட்டு வந்து அவர் கண்ணில் டார்ச் அடித்தார். "ஸ்ட்ரெச்சர் கொண்டு வாங்க, ஸ்கேனுக்கு" என்று கத்தினார். அப்பாவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடிக்கொண்டது.

பின்மண்டையில் ரத்த அடைப்பு, நடை ஒரே பக்கம் இழுத்தது அதனால்தான் என்றார்கள். ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பேச்சு திரும்பவில்லை. படுத்திருக்கிறார், கஞ்சி கொடுத்தால் விழுங்குகிறார்.

காலையில் முகம் துடைத்துவிடும்போது அவர் காதருகே சொல்கிறேன்: "நீ குடிக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. அதைக் காட்டத்தான் உன்னை நடக்கச் சொன்னேன்."

என்னையே பார்க்கிறார். நம்பினாரா என்று தெரியவில்லை.