அண்ணன் வரும் வாக்கியங்கள்

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார் அவர். ஒல்லியான ஆள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. போர்டை உள்ளங்கையால்தான் துடைப்பார். எந்த வினைச்சொல்லை எடுத்தாலும் உதாரணத்தில் அவருடைய அண்ணன் வந்துவிடுவார். ஏமாற்றுவார், பிடுங்குவார், பொய் சொல்வார். கிளியனூரில் இருவருக்கும் பொதுவான கிணற்றை அந்த அண்ணன் எடுத்துக்கொண்ட கதையை நாங்கள் இங்கிலீஷில்தான் தெரிந்துகொண்டோம்.

ஒருநாள் ‘அசர்ட்’ வந்தது. கிணறு தன்னுடையது என்று என் அண்ணன் அசர்ட் செய்கிறான் என்று இங்கிலீஷில் எழுதினார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை பார்த்துக்கொண்டு படிக்க வந்த நான் கேட்டேன்: “சும்மா சொல்றான்னு போட்டா போதாதா சார்?”

“போதாதுங்க. கையில ஆதாரம் இருக்குதோ இல்லியோ, என்னுதுதான்னு அடிச்சிப் பேசிக்கினு நிக்கிறவனுக்குத்தான் இந்த வார்த்தை.”

பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக அந்த வாரம் சேர்ந்திருந்த பெண், அந்த அண்ணனின் மகள்.

“எழுந்து படிம்மா. இன்னும் சத்தமா.”

மூன்று முறை படிக்க வைத்தார். “இப்ப நீயா ஒண்ணு எழுது” என்று சாக்பீஸை நீட்டினார்.

அவர் வாக்கியத்துக்குக் கீழேயே அவள் எழுதினாள், கிணறு தன்னுடையது என்று என் சித்தப்பா அசர்ட் செய்கிறார் என்று.

அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். உள்ளங்கை போர்டு வரை போய் நின்றது.

“கரெக்ட்தான். உக்காரு.”

ஒரேயொரு பிழை கிடைத்திருந்தால் அந்த மனிதர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.